மீன் கத்திக்குப் பிடி

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப்போகும் நண்பர் ஒருவர்தான் அந்தக் கொல்லுப் பட்டறையைப் பற்றிச் சொன்னார். "கத்தி யார் வேணா அடிப்பாங்க சார். பிடிக்காகத்தான் அவர்கிட்ட போறாங்க" என்றார். கத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இரும்பைத்தான் எழுதுகிறோம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் அதன் வளைவையும் தோய்ச்சலையும் பேசுவோம். நாள் முழுக்க உள்ளங்கைக்குள் இருக்கும் ஒரு சாண் மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பார்க்கவே போனேன்.

போனது தடைக்காலத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீன்தான் தரைக்கு வருகிறது. மீன் வெட்டும் பெண்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் காலம் இது. கத்திக்குப் புதுப்பிடி போடவும் இதுதான் காலம். பட்டறை வாசலில் ஒரு கோணிப்பை நிறையக் கத்திகள் கிடந்தன.

உலை, துருத்தி, சம்மட்டி பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இரும்பு, லாரியின் பழைய பட்டையிலிருந்து வருகிறது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். என்னைக் கட்டிப்போட்டது, ஆசாரி அந்தக் கோணிப்பையைக் கொட்டி, பழைய பிடிகளை ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்த விதம். ஒரு பிடி எதனால் செத்தது என்று தெரியாமல் அடுத்த பிடியைப் போடமாட்டார்.

முதல் பிடியை உளியால் பிளந்தார். கத்தியின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் முனை, உள்ளே துருவேறி, ஏடு ஏடாக உப்பியிருந்தது. "இரும்பு மரத்தை உள்ளருந்து ஒடைச்சிருக்கு பாருங்க" என்றார். இரும்பைவிட அதன் துரு அதிக இடத்தை அடைக்கும். உப்புத் தண்ணீர் பூண் இடுக்கு வழியாக இறங்கி வாலை அரிக்க, வீங்கிய துரு பிடியை நீளவாக்கில் பிளக்கிறது. மீன் கத்தியின் பிடி பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. இன்னொரு பிடியில் வால் பட்ட இடமெல்லாம் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. அது கருவேலம். அந்த மரத்தின் பட்டையையும் காயையும் தோல் பதனிட எடுப்பார்கள். அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்புதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம் ஆட்கள். அதே வேலை இங்கே பிடிக்குள் நடக்கிறது.

துரு எப்போதும் மரத்தைக் கொல்வதில்லை. சிவகங்கை மாவட்டம் கொந்தகையில் 2021இல் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இரும்புக் குத்துவாள் கிடைத்தது. அதில் மரப்பிடியின் பகுதியும் ஒட்டியிருந்ததுதான் எல்லோரையும் வியக்க வைத்தது. மண்ணுக்குள் மரம் மக்கிப் போகும். ஆனால் இரும்பை ஒட்டிக் கிடக்கும் மரத்துக்குள் துரு இறங்கி, அதன் நாரை அப்படியே அச்சாக நிறுத்திவிடுவது உண்டு. அகழாய்வில் மரத்தைக் காத்துக் கொடுக்கும் துரு, துறைமுகத்தில் ஒரே பருவத்தில் அதைக் கொன்றுவிடுகிறது. இதைச் சொன்னபோது ஆசாரி, அது என்ன மரம் என்றுதான் முதலில் கேட்டார்.

மரத்தேர்வுக்கு வருகிறேன். நகரத்துக் கடைக்காரர் தேக்கு என்பார், ஈட்டி என்பார். ஆசாரி இரண்டையும் தள்ளிவிட்டார். தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு, தண்ணீரைத் தாங்கும், வளையாது, அதெல்லாம் சரி. ஆனால் மெல்லிய பிடியில் வாலை அடித்து இறக்கும்போது நார் பிரிந்து சிம்பு எழும்புகிறது. ஈரக்கையில் சிம்பு ஏறினால் சீழ்தான். ஈட்டி நல்ல மரம், கனமும் உண்டு, விலையும் உண்டு. ஆனால் 2017 ஜனவரி முதல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மீன் வெட்டுகிற பெண்ணின் கத்திக்கு அந்த விலையும் தேவையில்லை, அந்தக் கனமும் தேவையில்லை. யானைத் தந்தத்தையும் மான் கொம்பையும் நான் கேட்கவே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் அந்தக் கதையை முடித்துவிட்டன, நல்லதுக்குத்தான்.

இவ்வளவு தென்னை நிற்கும் ஊரில் தென்னம்பிடி ஏன் இல்லை என்று கேட்டேன். ஒரு துண்டை அறுத்துக் காட்டினார். வெளிப்பக்கம் கல்லாக இருக்கிறது; உள்ளே போகப்போகச் சோறு. கல்லாக இருக்கும் பகுதியிலும் கறுப்பு நாரும் மெத்தென்ற சதையும் மாறிமாறித்தான் வரும். தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து சதை போய்விட, நார் மட்டும் ஊசியாக நிமிர்ந்து நிற்கும்.

அவர் முதலில் கை வைப்பது பூவரசில். கடலோர உப்புக்காற்றில் பிறந்து வளர்கிற மரம். நெருக்கமான இழை, லேசில் பிளக்காது, தண்ணீருக்கு அஞ்சாது. வெளிறு நீக்கி உள்ளிருக்கும் சேகை மட்டும் எடுத்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் வழுவழுவென்று வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரை கடந்தபோது இந்தக் கரையில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அப்போது வாங்கிப் போட்ட பூவரசில் கடைசிச் சில கட்டைகள் பரணில் இருந்தன. அவ்வளவு காலம் நிழலில் காய்ந்த கட்டை, தட்டினால் மணிபோல் பேசியது.

அடுத்தது யாரும் எதிர்பார்க்காத மரம்: சீமைக்கருவேலம். உயர் நீதிமன்றமே வேரோடு அகற்றச் சொன்ன மரம். நிலத்தடி நீரை, மேய்ச்சல் நிலத்தை, கண்மாயை அது என்ன பாடு படுத்துகிறது என்பது தெரிந்ததே. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மரமாகப் பார்த்தால் அதன் சேகு, ஈரம் போனாலும் மிகக் குறைவாகத்தான் சுருங்கும். பிடிக்கு இதைவிட என்ன வேண்டும்? மரம் சுருங்கினால் பூண் தளரும். பூண் தளர்ந்தால் தண்ணீர் இறங்கும். மற்றதைத்தான் பிளந்து பார்த்தோமே. கோணலும் மாணலுமான மரம், பெரிய பலகை எடுக்க முடியாது. ஒரு சாண் துண்டுக்குப் பலகை எதற்கு? ஆசாரியின் உலையில் எரிவதும் இதே மரத்தின் கரிதான். கரிக்கு வரும் விறகிலிருந்து தடித்தவற்றைப் பொறுக்கி ஒதுக்கி வைத்துவிடுகிறார்.

எந்த மரமானாலும் ஒரு விதியில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. நடு நெஞ்சு பிடிக்குள் வரக்கூடாது. மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நெஞ்சு உள்ளே இருந்தால் அந்தச் சண்டை தீர வழியில்லாமல் மரம் வெடித்தே ஆகும். கட்டையை நெஞ்சு வழியாகப் பிளந்து, இரு பக்கமும் தள்ளி எடுத்த துண்டுதான் பிடி. சந்தையில் வாங்கும் மலிவுக் கத்தியின் பிடி முனையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கண்போல நெஞ்சு நடுவில் இருக்கும்.

வாலைச் சிவக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்கி, சுட்டு, எடுத்து, அரக்கையும் சலித்த செங்கல் தூளையும் உருக்கி ஊற்றி மறுபடி இறக்குகிறார். பழைய வாள் பிடிகளும் அரக்கில்தான் நின்றன. வார்னிஷ் கிடையாது. டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில், அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மட்டும், நாள் விட்டு நாள். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள்ளேயே இறுகிவிடும்.

அன்று பிடி வாங்க வந்திருந்த அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை. 2004 சுனாமியில் வீட்டுக்காரரின் கட்டுமரமும் வலையும் போன பிறகு கூடை தூக்கியவர். பிறகு மீன் வெட்ட உட்கார்ந்தவர். அவர் கத்தி ஒரு பாட்டியிடம் வாங்கியது. வாங்கியபோது மூன்று விரல் அகலம். சாணை பிடித்துப் பிடித்து இப்போது ஒன்றரை விரல். இரும்பு அதே இரும்பு, பிடிதான் மாறி மாறி வந்திருக்கிறது. ஒருமுறை கடையில் வாங்கிய வார்னிஷ் பிடி போட்ட கத்தியால் பெரிய பாறை மீனின் தலையைப் பிளந்தார். எலும்பில் கத்தி நின்றுவிட்டது. கை நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு அலகின் மேல் ஏறிவிட்டது. சுண்டு விரல் நரம்பு போயிற்று. அந்த விரல் இன்றும் மடங்காது.

"மீன் வழவழப்புல சோப்புப் போட்ட மாதிரி இருக்கும் சார். பிடி முன்னாடி கொஞ்சம் தூக்கி இருக்கணும். அது இல்லன்னா வெரலு போயிடும்" என்றார். ஆசாரி அவர் கையை விரிக்கச் சொல்லி, மடங்காத விரலின் பக்கம் பிடியைச் சற்றுக் குழித்து, பின்முனையில் குமிழ் விட்டிருந்தார். அக்கா பிடியைத் தண்ணீரில் முக்கி, மீன் தொட்டியில் கை விட்டு எடுத்து, இறுக்கி, திருகிப் பார்த்தார். "இன்னும் ஒரு நூல் குறைங்க அண்ணே." அரம் மறுபடி ஓடியது.

ஆத்திரம் வருவது இங்கேதான். இந்தப் பிடியும் நெஞ்சுள்ள பச்சை மரப்பிடியும் வியாபாரியின் கணக்கில் ஒன்று. அவர் வாங்குவது டஜன் கணக்கில். காய்ந்த மரமா, காயாத மரமா, கேள்வி இல்லை. கத்திக்கு இவ்வளவு, டஜனுக்கு இவ்வளவு, அடுத்த வாரம் வேண்டும். மரம் காய்வதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களுக்கு யார் காசு தருகிறார்? யாரும் தருவதில்லை. பொறுமையாக மரத்தைக் காய வைக்கிற கொல்லனுக்கும், நேற்று வெட்டிய மாங்கட்டையில் வாலைச் செருகி அனுப்புகிறவனுக்கும் ஒரே கூலி என்றால், முதல் ஆள் எத்தனை வருடம் தாக்குப்பிடிப்பார்? கத்தி கடைக்குப் போய், அங்கிருந்து பெண்ணின் கைக்கு வரும்போது விலை ஏறியிருக்கிறது. ஏறிய காசில் ஒரு பைசாகூட மரத்துக்கோ மரம் அறிந்தவருக்கோ போகவில்லை. விரல் மட்டும் அவளுடையது.

பிளாஸ்டிக் பிடி வந்துவிட்டதே என்பார்கள். ஏற்றுமதி மீன் ஆலைகளில் மரப்பிடிக்கு இடமில்லை; ஈரமும் கிருமியும் தங்கும் என்பது நியாயமான காரணம், அங்கே அதுதான் சரி. ஆனால் துறைமுகத் தரையில் உட்கார்ந்து வெட்டுகிறவருக்கு விற்கப்படும் மலிவு பிளாஸ்டிக் கத்தியில் பிடி வழுக்குகிறது, குழித்துக் கொள்ள முடியாது, உடைந்தால் கத்தியோடு குப்பைக்குப் போகிறது. துறைமுகத்தில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் பையன்கள் சிலர் பழைய லுங்கித் துணியை ரெசினில் தோய்த்து அடுக்கி, இறுக்கி, காய வைத்துப் பிடி செதுக்குகிறார்கள். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1910 வாக்கில் மின்காப்புக்காகச் செய்த மைகார்ட்டா இதே வித்தைதான். இன்று உலகின் விலையுயர்ந்த கத்திகளில் அது பிடி. ஆசாரி அதை ஒதுக்கவில்லை. கண்ணாடி இழை போடாதே, கை அரிக்கும், துணியே போடு என்று அந்தப் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

அக்காவும் அவரோடு வெட்டுகிற வேறு சில பெண்களும் வியாபாரியை விட்டுவிட்டார்கள். சீட்டுப் போடுவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, அடுத்த தடைக்காலத்துக்கான பிடிகளுக்கு இப்போதே ஆசாரியிடம் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசில் அவர் வாங்குவது மரம். வீராம்பட்டினத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் பூவரசுக்கு விலை பேசி முடித்தாயிற்று. வெட்டி, பிளந்து, முனைகளில் மெழுகு தடவிப் பரணில் ஏற்றினால் அடுத்த ஏப்ரலுக்குள் பதமாகிவிடும் என்று கணக்குச் சொன்னார்.