எந்தக் கடை அரிசி?

திருவண்ணாமலையிலேருந்து பாண்டி போற பஸ்.

முன்சீட்டுல ஒரு அம்மா. மடியில மஞ்சப்பை, அதுல ஸ்கேன் பிலிம். பக்கத்துல ஏழெட்டு வயசுப் பையன், ரொம்பப் பெரிய உடம்பு.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை ஜன்னலை அடைச்சு நிக்குது. "மலை எங்கம்மா?"ன்னு கேக்குறான்.

செஞ்சியில ஏறுன ஒருத்தர், "எந்தக் கடை அரிசி?"ன்னு சிரிச்சாரு.

அந்தம்மா கையிலிருந்த முறுக்கை முந்தானையில மறைச்சாங்க.

மனசு ஆறல.

பையனுக்கு இருக்குறது செப்டோ ஆப்டிக் டிஸ்ப்ளேசியாவாம், அந்தம்மா சொன்னாங்க. ஏறக்குறைய பத்தாயிரத்துல ஒரு குழந்தைக்கு வர்ற பிறவிக் குறை. பார்வை நரம்பு சரியா வளராது. பலருக்கு மூளையின் நடுத்தடுப்பு இருக்காது. பசியை ஆளுற ஹைப்போதலாமஸ், பாதாம்பருப்பு அளவுதான். அதுவும் பழுதானா, சாப்பிட்டும் பசி அடங்காது.

புள்ளைக்கு எடை மளமளன்னு ஏறி, பார்வையும் மங்கலா இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க.

அரிசிக்கடை மட்டும் விசாரிக்காதீங்க, ப்ளீஸ்.