சந்தையில் ஒரு கத்தி வரிசை

அமெரிக்காவில் துப்பாக்கியும் கத்தியும் மட்டுமே வைத்து விற்கிற கண்காட்சிகள் வாரக் கடைசியில் ஊர் ஊராக நடக்கின்றன. மேசை மேசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போவார்கள். நம் நாட்டில் அது நடக்காது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே உரிமம் வேண்டும். ஆனால் கத்தி சேர்க்கிற பைத்தியம் பிடித்த என்னைப் போன்றவனுக்கு தருமபுரி மாவட்டத்தில் கண்காட்சிக்குக் குறைவில்லை. வாரச்சந்தை இருக்கிறதே!

நல்லம்பள்ளி சந்தையில் எல்லாரும் ஆட்டைப் பார்க்கப் போவார்கள். நான் ஆடு, காய்கறி எல்லாவற்றையும் தாண்டி, இரும்புச் சாமான் விரித்திருக்கிற ஓரத்துக்குப் போவேன். கோணிச் சாக்கின் மேல் கொடுவாள், ராகி அறுக்கிற கருக்கரிவாள், களைக்கொத்து, கோடாரி, ஆட்டுக்குத் தழை பறிக்கிற தொரட்டி அரிவாள், பாக்குவெட்டி, அரிவாள்மனை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென்றே வளைந்திருக்கும். கருக்கரிவாளுக்குச் சின்னச் சின்னப் பல் வேண்டும், தாளைப் பிடித்து இழுத்து அறுக்க. கொடுவாளுக்குப் பல் கூடாது; முதுகு கனமாக இருக்க வேண்டும், ஓங்கி வெட்டும்போது கனமே பாதி வேலையைச் செய்துவிடும்.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலில் விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் உள்ளே எங்கோ கீறல் இருக்கும். அடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து வாயைப் பார்ப்பேன். வெள்ளைக் கோடாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் மழுங்கல் என்று அர்த்தம். மூன்றாவது, துவைச்சல். காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற வேலை. அதிகம் போனால் கத்தி கல்லில் பட்டதும் பல் விழும். குறைந்தால் வாய் மடங்கும். அரத்தை லேசாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது பெரும்பாலான ஆசாரிகள் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைத்தான் அடித்து அரிவாளாக்குகிறார்கள். பாரம் தாங்கிய எஃகு, அதனால் வாய் நிற்கும்.

என் அலமாரியில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நான் தேடுவது பழசு. போன வருடம் சந்தைக்கு வெளியே ஒரு பட்டறையில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஒரு வயதான அம்மா வாய் அடிக்கக் கொண்டுவந்த கொடுவாள். தேய்ந்து தேய்ந்து பாதி அகலம்தான் மிச்சம். காம்புக்குப் பக்கத்தில் உளியால் குத்திய மூன்று புள்ளிகள், அடித்த கொல்லனின் அடையாளம். அடுப்பில் வைத்து அடித்தால் அந்தப் புள்ளிகள் போய்விடும்.

“அம்மா, இதை அப்படியே எனக்குக் குடுங்க. 500 ரூபாய் தர்றேன். புதுசே ரெண்டு வாங்கிக்கலாம்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ இத வெச்சிக்கிட்டு என்ன சார் பண்ணுவ?”

“வீட்டுல வெச்சிருப்பேன்மா. பார்க்கறதுக்கு.”

“பார்க்கறதுக்கா? எங்க மாமியா காலத்துக் கத்தி இது. என் கைக்குப் பழகிப்போச்சி. இதக் குடுத்துட்டு மாட்டுக்கு எதுல சோளத்தட்டு வெட்டறது?”

ஆசாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: “இன்னும் ரெண்டு தடவை அடிக்கலாம் சார். அப்புறம் வந்து வாங்கிக்குங்க.” சொல்லிவிட்டுக் கத்தியைக் கங்குக்குள் செருகினார். மூன்று புள்ளிகளும் சிவந்து, சம்மட்டி அடியில் மறைந்தன. அரை மணியில் அந்த அம்மா கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டுச்சந்தைப் பக்கம் போய்விட்டார்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில்தான் அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போன கதை நாம் பள்ளியில் படித்ததுதான். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறான். ஔவை அதைப் பற்றிப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் தடவிக் காவலான மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. பாட்டின் சாரம் இவ்வளவுதான். கேட்பதற்குப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். கொல்லன் கொட்டிலுக்குப் போகாத ஆயுதம் வேலையே செய்யவில்லை என்பது உள்ளே இருக்கிற சேதி.

அந்த அம்மா கேட்ட கேள்வியும் அதுவேதான். ஔவையின் கணக்கில் என் அலமாரி தொண்டைமான் பக்கம். நெய்க்குப் பதில் நான் தேங்காயெண்ணெய் தடவுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அலமாரிக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. தஞ்சை மராத்திய மன்னர்களின் ஆயுதசாலையில் இருந்தவற்றில் பெரும்பகுதியை 1863இல் வெள்ளையர்கள் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். தேர்ந்தெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் சேர்த்தவைதான் அங்கே தப்பின. அந்தக் கட்டாரிகளை இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களில் வீரர்கள் குறுவாளும் வில்லும் பிடித்து நிற்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள் பலர். கல் நிற்கிறது, அவர்கள் கையில் இருந்த இரும்பு மண்ணோடு போய்விட்டது. 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். நான்காயிரம் வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் இரும்பு புழங்குகிறது.

இத்தனை காலமும் அதைக் காப்பாற்றி வந்தது அலமாரி அல்ல, பட்டறை. அந்தப் பட்டறைக்குத்தான் இப்போது ஆபத்து. அந்த ஆசாரியின் மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார். துருத்தி இழுக்க ஆள் இல்லாமல் மின்விசிறி வைத்திருக்கிறார். “புதுசு வாங்கறவங்களால எனக்குப் பொழப்பு இல்ல சார், அது கடையிலயே கிடைக்குது. பழசக் கொண்டாந்து வாய் அடிக்கறவங்களாலதான் அடுப்பு எரியுது. அவங்களும் குறைஞ்சிட்டாங்க” என்றார். மத்தியப் பிரதேசத்திலிருந்து குடும்பத்தோடு வந்து சாலையோரம் உலை மூட்டுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள், பெண்கள் சம்மட்டி ஓங்கி அடிப்பார்கள். நம் ஊர் அடுப்பு அணைந்த இடத்தில் அவர்கள் அடுப்பு எரிகிறது.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அலமாரியிலிருந்து ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன். ஆசாரியிடம் கொடுத்து வாய் அடித்து, தென்னை மட்டை சீவவோ விறகு பிளக்கவோ வைத்துக்கொள்கிறேன். தோட்ட வேலை செய்கிறவர்கள் யாராவது கேட்டால் கொடுத்தும் விடுகிறேன். இதுவரை ஒன்பது போயிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து அரிவாளோ கொடுவாளோ கிடக்கலாம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த கருவிகளை ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை, பயப்பட வேண்டாம். வாள், பிச்சுவா போன்றவை வேறு. அந்த வகையில் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் விதிகளின் ஆயுதப் பட்டியலில் வரும், விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டுத் துப்பாக்கி ஏதாவது உரிமம் இல்லாமல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். அரிவாளை மட்டும் அடுத்த சந்தைக்கு ஆசாரியிடம் எடுத்துப் போங்கள். ஆயுத பூஜைக்கு ஒரு நாள் பொட்டு வைப்பதோடு நிறுத்திவிட வேண்டாம்.