பின்னோக்கிப் பாய்ந்த சட்டம்

என் தந்தையார் ஒரு தமிழ்ப் பாடசாலையின் தலைமையாசிரியர். இடதுசாரிக் கொள்கையில் அசையாத பற்றுக் கொண்டவர். மாலை வேளைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். மற்றவர்கள் கேட்டிருந்து விவாதிப்பார்கள். அயலில் வாழ்ந்த பிறக்கிராசியார் ஒருவரும் தவறாமல் வருவார். அரசியலில் என் தந்தையாருக்கு நேர் எதிரானவராயினும் அவர் வராத மாலை என் தந்தையாருக்குச் சுவைப்பதில்லை. 1962ஆம் ஆண்டு பங்குனி மாதத்து மாலையொன்றில் இவ்விருவரும் மோதிக்கொண்ட விவாதத்தை அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நான் மறக்கவில்லை. அன்று எனக்கு வயது பதினைந்து.

அவ்வாண்டு ஜனவரி 27ஆம் திகதி இரவு, பொலிஸ், இராணுவ உயரதிகாரிகள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தனர். செய்தி முன்கூட்டியே கசிந்தமையால் திட்டம் நிறைவேறவில்லை. சூழ்ச்சியாளர் எத்தகையோர்? பெரும்பாலும் ஆங்கிலக் கல்வியாலும் காலனித்துவச் சலுகையாலும் உயர்ந்த மேட்டுக்குடியினர். 1956இன் பின்னர் தம் பிடி தளர்வதைப் பொறுக்க மாட்டாதவர்கள். அவர்கள் வென்றிருப்பின், தொழிலாளர் இயக்கத்தின் கழுத்தே முதலில் நெரிக்கப்பட்டிருக்கும் என்று என் தந்தையார் நம்பினார். அந்த நம்பிக்கை பிழையென்று நான் இன்றும் கருதவில்லை.

அவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் 1962ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் குற்றவியற் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 16ஆம் திகதி நிறைவேறிய அச்சட்டம், ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. பிறக்கிராசியார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், காரியம் நடந்தது தையிலே, சட்டம் வந்தது பங்குனியிலே. பங்குனிச் சட்டம் தையிலே போய் நிக்கலாமோ?"

"நாட்டைக் கவிழ்க்க வாறவனுக்கு நாள் பார்க்கிறதோ?" என்றார் என் தந்தையார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறக்கிராசியார் மட்டும் சிரிக்கவில்லை. "இண்டைக்கு இது நீங்கள் வெறுக்கிற ஆக்களுக்கு. நாளைக்கு ஆருக்கு எண்டு எழுதி வைச்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அச்சட்டம் உண்மையில் என்ன செய்தது என்பதை நான் பிற்காலத்திலேதான் கற்றறிந்தேன். சட்டமின்றித் தடுத்து வைக்கப்பட்டிருந்தோரின் தடுப்பை அது பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கியது. தண்டனைச் சட்டக்கோவையில் அதுவரை இல்லாத வகையில், அரசாங்கத்தைச் சட்டவிரோதமாகக் கவிழ்க்கச் சதி செய்தல் என்ற குற்றத்தைப் புதிதாகச் சேர்த்தது. யூரர்களை அகற்றி, நீதி அமைச்சர் நியமிக்கும் மூன்று நீதியரசர் முன் விசாரணை நடக்கச் செய்தது. பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலங்களுக்கு எதிராக இருந்த தடையைத் தளர்த்தியது. குறைந்தது பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட வேண்டுமெனக் கூறி, குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனையை அளக்கும் கோலை நீதிபதியின் கையிலிருந்து பறித்தது. இவையெல்லாம் நாட்டுக்குரிய பொதுச் சட்டமாக நிலைப்பதற்கும் அல்ல. அந்தச் சூழ்ச்சி வழக்கு முடிந்ததும் சட்டமும் தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு.

கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடுகளைக் கீறிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்குகிறோம். எதிரணியில் ஒருவன் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கோட்டை அழித்து அவன் காலடியிலே புதிதாகக் கீறிவிட்டு, "நீ அகப்பட்டாய்" என்று கூவுபவனை நாம் ஆட்டத்திற் சேர்ப்பதில்லை. அவன் பொல்லாதவனைப் பிடித்தானா, நல்லவனைப் பிடித்தானா என்று எவரும் கேட்பதில்லை.

வழக்கின் கதை நெடியது. முதலாவது நீதிமன்றம், நீதியரசர்களை அமைச்சர் நியமிப்பதே யாப்புக்கு முரண் என்று 1962 ஒக்ரோபரிற் கூறித் தன்னைத் தானே விலக்கிக்கொண்டது. அமைச்சர் நியமித்த நீதியரசர்களே அந்த நியமனம் செல்லாதென்று சொன்ன நேர்மையை நாம் போற்ற வேண்டும். நவம்பரிற் சட்டம் திருத்தப்பட்டு, நியமிக்கும் அதிகாரம் பிரதம நீதியரசருக்கு அளிக்கப்பட்டது. இரண்டாவது நீதிமன்றமும் கலைந்தது. அதில் அமர்ந்த ஒருவர், முன்னர் சட்டத்துறை நாயகத்தின் பதவியை வகித்தபோது அதே புலன்விசாரணையோடு தொடர்புற்றிருந்தார். மூன்றாவது நீதிமன்றம் 1963 ஜூனிலிருந்து 324 நாட்கள் அமர்ந்து, 1965 ஏப்பிரலில் 24 எதிரிகளுள் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. சட்டம் சொன்னபடியே பத்தாண்டுச் சிறையும் பறிமுதலும் விதிக்கப்பட்டன.

1965 டிசெம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்தது. லியனகே வழக்கு என்று உலகெங்கும் சட்ட மாணவர் பயிலும் வழக்கு அதுவே. பியர்ஸ் பிரபு வழங்கிய அத்தீர்ப்பின் சாரத்தை நம்மவர் பலர் பிழையாகவே விளங்கி வைத்திருக்கின்றனர். பின்னோக்கிய சட்டம் ஒவ்வொன்றும் செல்லாது என்று அது கூறவில்லை. நீதியின் பொதுத் தத்துவங்கள் இலங்கைப் பாராளுமன்றத்தின் கையைக் கட்டுகின்றன என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. அது கூறியது வேறு: நீதி வழங்கும் அதிகாரம் யாப்பின்படி நீதிமன்றத்துக்கே உரியது, இன்னார்தாம் எதிரிகள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவர்கள் சிறையில் இருக்கையில், குற்றத்தையும் சான்று விதியையும் தண்டனையையும் அவர்களுக்கெனவே ஒருங்கே மாற்றியமைக்கும்போது பாராளுமன்றம் சட்டம் ஆக்கவில்லை, தீர்ப்பே எழுதுகிறது. ஒருமுறை அனுமதிக்கப்பட்டால் இது மறுமுறையும், இதனிலும் சிறிய நெருக்கடியிலும் நிகழக் கூடுமென்றும் அது எச்சரித்தது.

என் தந்தையார் அந்தச் செய்தியை வாசித்துவிட்டுக் கொதித்தார். "பிரபுக்களைப் பிரபுக்கள் காப்பாற்றினார்கள்" என்றார். இலண்டன்வரை சென்று வாதாட வசதி படைத்தவர்கள் தப்பினார்கள் என்பதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அந்த உண்மையிலிருந்து அவர் பிழையான முடிவுக்கு வந்தார். செல்வனுக்கு மட்டுமே எட்டும் பாதுகாப்பைக் கண்டால், அதை ஏழைக்கும் எட்டச் செய்வதே நம் கடன். செல்வனுக்கும் இல்லாமற் செய்தால் ஏழைக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வி அன்று எனக்கும் தோன்றவில்லை. அது தோன்றுவதற்கு 1971 வர வேண்டியிருந்தது.

பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தவன் தென்னிலங்கைக் கிராமமொன்றைச் சேர்ந்த சிங்கள மாணவன், வயற்கூலியின் மகன். எனக்குச் சிங்களம் கற்பித்தவன் அவன். என்னிடம் தமிழ் கற்க முயன்று பாதியிலே கைவிட்டவனும் அவனே. பட்டம் பெற்றும் வேலையின்றி ஊரில் இருந்த அவனை, 1971 ஏப்பிரற் கிளர்ச்சியைத் தொடர்ந்து பிடித்துச் சென்றார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர் அவ்வாறே அடைக்கப்பட்டிருந்தனர். அடைபட்ட முதல் வாரத்தில் அவனிடம் ஒரு வாக்குமூலம் பெறப்பட்டது. அது எப்படிப் பெறப்பட்டது என்பதை அவன் எனக்கு ஒருபோதும் விரித்துச் சொன்னதில்லை. இடது கைவிரல் இரண்டை மடக்க முடியாதவனாக அவன் வெளியே வந்தான் என்பது மட்டுமே நான் அறிந்தது.

அவன் கையொப்பமிட்ட அன்று அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபிக்கலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. வெள்ளைக்கார ஆட்சியே வகுத்த விதி அது. ஆனால், ஏறத்தாழ ஓராண்டு கழித்து 1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. சாதாரண சான்று விதிகள் ஆணைக்குழுக்களைக் கட்டுப்படுத்தவில்லை, பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாயிற்று, மேன்முறையீட்டுக்கு வழியில்லை. பிரிவிக் கவுன்சிலுக்குச் செல்லும் பாதையும் 1971இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பாதை மூடப்பட்டதை, சுதந்திர நாட்டுக்கு உகந்ததென்று நாமே கைதட்டி வரவேற்றிருந்தோம். நேற்றுவரை வெறுந்தாளாயிருந்தது இன்று தூக்குக் கயிறுபோல் என் நண்பன் முன் தொங்கியது. அவன் குற்றத்தை ஏற்றுக்கொண்டு ஒத்திவைத்த தண்டனையோடு வீடு சென்றான். ஏற்காவிட்டால் என்ன ஆகுமென்று சோதித்துப் பார்க்கும் துணிவு அந்த வயற்கூலியின் மகனுக்கு எங்கிருந்து வரும்?

அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்திய அரசாங்கத்தில் என் தந்தையாரின் தலைவர்களும் அமைச்சர்களாக இருந்தார்கள். இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆயினும் எழுதாவிட்டால் இக்கட்டுரையை எழுதுவதிற் பயனில்லை. ரோகண விஜேவீரவுக்கு 1974 டிசெம்பரில் ஆயுட் சிறை விதிக்கப்பட்ட செய்தி வந்த மாலை, என் தந்தையார் விறாந்தையில் தனியே இருந்தார். "பிறக்கிராசியாரிட்டை ஒரு சொல்லுச் சொல்ல வேணும்" என்றார். பிறக்கிராசியார் காலமாகி ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டத்தை ஆக்கியவர்களையும் அது விட்டு வைக்கவில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில். ஆட்சி மாறியபின், 1978இல், கடந்த காலச் செயல்களுக்காக விசேட சனாதிபதி ஆணைக்குழு அவரை விசாரிக்க முற்பட்டது. அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடித் தடையுத்தரவு பெற்றார். அவ்வளவில் வழக்கு முடிந்திருக்க வேண்டும். பாராளுமன்றமோ அதே நவம்பரிற் சட்டத்தைப் பின்னோக்கித் திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கியது. 1980 ஒக்ரோபரில் அவருடைய குடியியல் உரிமை ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. 1962இல் சூழ்ச்சி விசாரணையை முன்னின்று நடத்திய பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் அவ்வாறே உரிமை இழந்தார். இதைக் கண்டு மகிழ்ந்தோர் உண்டு. 1962இல் நாங்கள் சிரித்த அதே சிரிப்புத்தான் அது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1979இல், பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அது சான்றாக்கியது. அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையை எதிரியின் தலையில் ஏற்றியது. மூன்றாண்டுக்கு என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. அதன் கீழ் அடைபட்ட தமிழ் இளைஞரின் தொகை எத்தனையென்று இந்த வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் ஒரு வழக்குக்கென்று தளர்த்திய முளை, 1972இல் ஒரு கிளர்ச்சிக்கென்று பிடுங்கப்பட்டு, 1979இல் வேலியே இல்லாத வளவாயிற்று.

1978ஆம் ஆண்டு யாப்பின் 13(6)ஆம் உறுப்புரை, செய்த காலத்திற் குற்றமாயிராத செயலுக்கு எவரையும் தண்டிக்கலாகாது என்றும், அன்றிருந்ததிலும் கடுமையான தண்டனை விதிக்கலாகாது என்றும் உரைக்கிறது. நல்லதே. ஆனால் 15(1)ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பின் பொருட்டு அவ்வுரிமையை மட்டுப்படுத்தலாம் என்கிறது. அவசரகால ஒழுங்குவிதிகூட அதற்குப் போதும். 1980இல் இலங்கை ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையோ, எந்த அவசரகாலத்திலும் கைவைக்கக் கூடாத உரிமைகளுள் ஒன்றாக இதைக் கணிக்கிறது. மழையிலே மடக்கி வைக்க வேண்டிய குடையாக நம் யாப்பு இவ்வுரிமையைத் தந்திருக்கிறது.

"அப்படியானால் பழைய கொடுமைகளுக்கு நீதியே கிடையாதா?" என்று ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உலக நாடுகள் பொதுவாக ஏற்ற சட்டத் தத்துவங்களின்படி அன்றே குற்றமாயிருந்ததைத் தண்டிக்க 13(6) தடையாக இல்லை. அதிலேயே அவ்விலக்கு உண்டு. ஆட்கடத்தலும் கொலையும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றங்கள். பிள்ளைகளைத் தேடித் தெருவில் இருக்கும் தாய்மார் எவரும், எதிரிக்குப் பேச வாயில்லாத நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. உள்ள சட்டத்தை நடத்துங்கள் என்றே கேட்கிறார்கள். ஆகவே, நீதி தாமதிப்பதற்குப் பழைய விதிகள் காரணமல்ல. அவற்றை நடத்த மனமில்லாமையே காரணம்.

மாணவருக்கு நாம் 1962ஐப் பற்றிக் கற்பிக்கும்போது, சூழ்ச்சி செய்தோர் யாரென்று சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் மேட்டுக்குடியினர் என்பது வரலாறு, மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கெனக் கீறிய கோடு பத்தாண்டுக்குள் ஒரு வயற்கூலியின் மகனுடைய காலடிக்கு வந்தது என்பதையும் அதே பாடத்திற் சொல்ல வேண்டும். இனியொரு சட்டம் நமக்குப் பிடிக்காதவர் ஒருவரைக் குறித்துப் பின்னோக்கிப் பாயும் நாளில், அதை வாசிக்கும் நம் வீட்டு விறாந்தையில் ஒருவராவது சிரிக்காமல் எழுந்து நிற்க வேண்டும். அன்று எழுந்தவர் தனியாகப் போனார். நாங்கள் அவரைத் தனியாகப் போக விட்டோம்.