குற்றாலத்தில் இலையுதிர் காலம் - ஒரு வாக்குமூலம்

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். திட்டுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

முதல் வருஷம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் புகைப்படக் கண்காட்சி நடந்தது. அதில் நான் ஒரு படம் மாட்டியிருந்தேன். கூடப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மலைச்சரிவு முழுக்க ஆரஞ்சும் சிவப்புமாக மரங்கள், நடுவே வெள்ளைக் கோடு மாதிரி ஓர் ஓடை. கீழே "குற்றாலத்தில் இலையுதிர் காலம்" என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு என்ன, ஒரு பேனா ஸ்டாண்டு. இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

அந்தப் படம் பொய்.

ஓடை நிஜம், மலையும் நிஜம். நிறம் மட்டும் நான் கொடுத்தது. அக்டோபர் மாதம் மழைத் தூறலில் எடுத்த படம் அது. மரமெல்லாம் கரும்பச்சையாக இருந்தன. அதே வாரம் அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன் வீட்டு வாசல் மேப்பிள் மரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். தீப்பிடித்த மாதிரி மரம். எனக்கு வயிற்றெரிச்சல். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பச்சை நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பட்டியை ஓர் ஓரத்துக்குத் தள்ளினேன். மூன்று நிமிஷ வேலை. குற்றாலம் வெர்மான்ட் ஆகிவிட்டது :-)

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாறையில் ஒட்டியிருந்த பாசி கூட ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. பாராட்டினார்கள், நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் அக்டோபரில், என் பக்கத்தில் உட்காரும் நண்பன் அவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனான். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர், லீவு கிடைப்பதே அபூர்வம். மூன்று பேரும் சிவப்பு மரம் பார்க்கப் போய், இரண்டு நாள் மழையில் நனைந்துவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை வந்து என்னிடம் சொன்னான், "கொஞ்சம் லேட்டாப் போயிட்டோம் போல மாப்ள. எல்லாம் பச்சையா இருந்துச்சு. எங்கப்பாவுக்குத்தான் ஏமாத்தமாப் போச்சு."

நான் "ஆமாடா, ஒரு வாரம்தான் இருக்கும்" என்றேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

என்னைப் பிடித்தது எங்கள் ஆச்சிதான். லீவுக்கு இளையரசனேந்தல் போயிருந்தபோது, அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். (திருந்தவே இல்லை பாருங்கள்.) ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எந்த ஊருய்யா இது?"

"நம்ம குத்தாலந்தான் ஆச்சி."

"எந்த மாசம் எடுத்த?"

"ஐப்பசி."

"மழை பேயுற மாசத்துல எந்த மரம்யா இப்படிச் செவக்கும்? பெயிண்டு கியிண்டு அடிச்சியா?"

ஆச்சி கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் கரிசல் காட்டில் அறுபது வருஷம் வேலை பார்த்தவள். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை பார்த்து உளுந்து, பாசி, கம்பு, பருத்தி என்று விதைப்பார்கள். உலகத்தில் பாதி நாடுகள் இலையை உதிர்க்கிற அந்த மாதங்களில்தான் எங்கள் ஊர் வருஷத்திலேயே பச்சையாக இருக்கும். இது எனக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் கேமராவைத் தூக்கியதும் மறந்து போனது.

"அப்ப நம்ம ஊர்ல இலை உதிரவே உதிராதா ஆச்சி?" என்று கேட்டேன்.

"ஏன் உதிராம? மாசியில முத்தத்தை யாரு பெருக்குதா, நீயா?" என்றாள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஆறு பெரும்பொழுது மனப்பாடம் செய்தோமே: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அந்தச் சொல்லை ஆங்கிலப் பாடத்துக்கு அர்த்தம் சொல்லும்போதுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நம் காட்டில் இலை விழுவது பெரும்பாலும் பின்பனியில், அதாவது மாசி, பங்குனியில். அங்கே பகல் சுருங்கிக் குளிர் வருகிறது, மரம் இலையை விடுகிறது. இங்கே மழை நின்று மண் காய்கிறது, தண்ணீரை மிச்சம் பிடிக்க மரம் இலையை விடுகிறது. செயல் ஒன்று, காரணம் வேறு.

நிறத்துக்கு வருவோம். இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதனுடன் கரோட்டினாய்டு என்கிற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் எப்போதும் இருக்கின்றன. கேரட்டில் இருக்கிற அதே வகைதான். பச்சையத்துக்குள் அது மறைந்து கிடக்கிறது. இலையை விடுவதற்கு முன்னால் மரம் அதிலிருக்கிற நைட்ரஜன் போன்ற சத்துகளை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. மஞ்சள் வெளியே தெரிகிறது.

சிவப்பின் கதை வேறு. அது ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கும் செம்பருத்திக்கும் நிறம் கொடுக்கிற கூட்டம். இது பெரும்பாலும் முன்பே இருந்து வெளிப்படுவதில்லை, அந்த நேரத்தில் புதிதாகத் தயாராகிறது. வெயில் நன்றாக அடித்து, இரவு குளிர்ந்து, ஆனால் உறையாமல் இருந்தால் சிவப்பு அதிகமாகும். அமெரிக்காவின் வடகிழக்கும் ஜப்பானும் அதனால்தான் அப்படிச் சிவக்கின்றன. நம் தேசத்திலேயே காஷ்மீர் சினார் மரங்கள் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் சிவக்கின்றன.

நம் பக்கத்தில் இந்த ஆந்தோசயனின் வேறு வேலைக்குப் போகிறது. சாகப்போகிற இலையில் அல்ல, பிறந்த இலையில் வந்து உட்காருகிறது! வேம்பின் கொழுந்து, அரச மரத்துத் துளிர், இலுப்பைத் தளிர் எல்லாம் செம்பு நிறத்தில் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பச்சையம் முழுசாக வந்து சேருவதற்குள் வெயில் தாக்காமல் இருக்க அது ஒரு குடை என்கிறார்கள். பூச்சிகளை ஏமாற்றத்தான் என்றும் சொல்கிறார்கள். விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். (விதிவிலக்கும் உண்டு. பள்ளிக்கூடங்களில் நிற்கிற வாதாம் மரம் விழப்போகும் இலையைத்தான் சிவக்க வைக்கும்.)

ஆக, நான் பொய்யாகப் பூசிய நிறம் நிஜமாகவே நம் மலையில் உண்டு. நான்தான் ஐந்து மாதம் முன்னதாகப் போய் நின்றிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் கிளம்பினேன். சங்கரன்கோவில் வந்து ரயிலில் செங்கோட்டை, அங்கிருந்து பஸ்ஸில் புளியரை தாண்டி ஆரியங்காவு கணவாய். ரயில் பிரியர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். செங்கோட்டை - கொல்லம் பாதை 1904ல் திறந்தது. மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்கி 2018ல் முழுசாகத் திறந்தார்கள். கழுதுருட்டியில் பதிமூன்று வளைவு வைத்த கல்பாலம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் காடு, கீழே பள்ளத்தாக்கு.

காலை ஏழு மணிக்கே போய் நின்றுவிட்டேன். அது முதல் முட்டாள்தனம். மலைக்கு மேற்குப் பக்கம் நிற்கிறோம், சூரியன் மலையைத் தாண்டி வரவேண்டாமா? ரொம்ப நேரம் நிழலில் கொட்டாவி விட்டேன். பக்கத்து டீக்கடை அண்ணாச்சிதான் பேச்சுத்துணை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "தம்பி, சிவப்பு பார்க்கணுமா? அந்தா நிக்கிது பூவம்" என்று கை காட்டினார்.

பூவ மரம், கும்பாதிரி என்றும் சொல்வார்கள். எதிர்ச் சரிவில் இலை உதிர்த்து எலும்பாக நின்ற தேக்குகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் உச்சி முதல் அடி வரை சிவந்து நின்றது. பூ என்றுதான் நினைத்தேன். அத்தனையும் இலை! கொஞ்சம் தள்ளி இலவ மரம், இலையே இல்லாமல் பூவாக. கீழே ஓடைப் பக்கம் நிற்கிற நாக மரங்களுக்கும் கொழுந்து இப்படித்தான் சிவக்கும் என்றார். (இலங்கையின் தேசிய மரம் இதுதான்.) அண்ணாச்சி கடைக்குப் பின்னால் முளைத்திருந்த தேக்குக் கன்றிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி என் கையில் தேய்த்தார். உள்ளங்கை மருதாணி வைத்த மாதிரி சிவந்தது. பச்சை இலைக்குள் சிவப்பு. சிரித்துவிட்டேன்.

படமெடுப்பது சுலபமாக இல்லை. செய்த தப்புகளைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

சிவப்பு இலையால் சட்டகத்தை நிரப்பினால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைக் "கோளாறு" என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கிறது. சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது. "வெயில்" அல்லது "மேகமூட்டம்" என்று நாமே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இரண்டாவது, சிவப்பு சீக்கிரம் வெளிறிவிடும். இலையின் நரம்பெல்லாம் அழிந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகிறது. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் இலையைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். மூன்றாவது, வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். கொழுந்து இலை மெல்லிசு. வெயில் ஊடுருவும்போது விளக்கேற்றின மாதிரி இருக்கும். முன்னாலிருந்து வெயில் விழுந்தால் இலையின் மினுமினுப்பில் நிறம் போய்விடும். போலரைசர் இருந்தால் அந்த மினுமினுப்பு குறையும். என்னிடம் இல்லை.

நாள் முழுக்கச் சுற்றி இருநூறு படம் எடுத்து, ஆறு தேறியது. அந்த ஆறிலும் மேப்பிள் காட்டின் பிரமாண்டம் இல்லை. மலை முழுக்கச் சிவக்கவில்லை. பச்சை, பழுப்பு, வெறுங்கிளை, நடுவில் அங்கங்கே ஒரு சிவப்பு. கண்காட்சியில் வைத்தால் ஆறுதல் பரிசு கூட வராது. ஆனால் ஆச்சியிடம் காட்டினேன். மாசம் கேட்கவில்லை. "இது செரி" என்றாள்.

ஊருக்கு வந்து அடுத்த வேலை, நண்பனிடம் உண்மையைச் சொன்னது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா. எங்கப்பா நாலு நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்தாரு" என்றான். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வழக்கம் போலப் பேசினான். மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா தெரியவில்லை.

படத்தில் வெளிச்சம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் தப்பென்று நான் சொல்லவில்லை. எல்லோரும் செய்கிறோம். ஆனால் கீழே ஊர் பேரை எழுதினால், அதைப் பார்த்து ஒருத்தர் பஸ் ஏறக்கூடும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த மாசிக் கடைசியில் மறுபடி கழுதுருட்டி போகிறேன். நண்பனின் அப்பாவுக்கு லீவு கேட்கச் சொல்லியிருக்கிறேன், டிக்கெட் என் செலவு. வேறு யாராவது வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஏழு மணிக்கே வந்து நிற்க வேண்டாம்.