பூட்டைத் தொடாத திருடன்

காஞ்சிபுரம் காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுச் சேலைக் கடை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "ராத்திரி கடை சாத்தினாலும் இது முழிச்சுக்கிட்டுதான் இருக்கும் சார். சாஃப்ட்வேர் தம்பி சென்னையிலேர்ந்தே உள்ள வந்து கணக்கைச் சரி பண்ணிட்டுப் போயிடுவாரு" என்றார் முதலாளி.

பயமில்லையா?

"பாஸ்வேர்டு பதினாறு எழுத்து!"

"அந்த புரோகிராமைக் கடைசியா எப்ப அப்டேட் பண்ணீங்க?"

"நல்லா ஓடுற தறியை யாராவது பிரிப்பாங்களா சார்?"

பதில் அழகாகத்தான் இருந்தது. பதினாறு எழுத்தும் நல்ல பூட்டுதான். ஆனால், பூட்டைத் தொடாமலே நடக்கிற திருட்டு ஒன்று உண்டு. பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

ஒரு பி.காம்.காரனுக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன், இன்ஜினீயர்கள் மன்னிக்க. வெளியூர் ஆளை உள்ளே விடும் இந்த சர்வர் புரோகிராம், யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டதும், பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே, 'யாரப்பா நீ?' என்று இரண்டு வார்த்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மெமரியில் ஒரு சின்ன இடம். 64 எழுத்துக்கு என்று வையுங்கள். வருவதை அளந்து பார்க்கும் ஒரு வரியை புரோகிராம் எழுதியவர் விட்டுவிட்டார். வந்தவன் 500 எழுத்து அனுப்புகிறான். மிச்சம் பக்கத்து இடத்தில் வழிகிறது. பக்கத்தில் இருப்பதோ, 'இது முடிந்ததும் அடுத்து எங்கே போகணும்' என்று கம்ப்யூட்டர் தனக்கே எழுதி வைத்த குறிப்பு! அதன்மேல் திருடன் எழுதுகிறான்: 'நான் அனுப்பியதையே கட்டளையாகப் படி.' சமர்த்தாகப் படிக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிற கட்டமே வருவதில்லை.

தறியில் இது நடக்காது. ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளின் துளைகள்தான் எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்று சொல்கின்றன. அட்டை கட்டளை, நூல் சரக்கு. நூல் அதிகமாகிப் போனால் சிக்கு விழுமே தவிர, அட்டைக்குள் ஏறி அன்னத்தை மயிலாக்கிவிடாது. கம்ப்யூட்டரிலோ கட்டளையும் சரக்கும் ஒரே அலமாரியில் வெறும் எண்களாகக் கிடக்கின்றன. இப்போது தடுப்புகள் வந்திருக்கின்றன, உண்மை. அவற்றையும் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கடையில் சேலை விலை வெளியே போனால் போகட்டும். எந்த நெசவாளருக்கு எத்தனை கிராம் ஜரிகை கொடுத்தது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதெல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். கைநோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்களாம்.

வித்தை பழசு. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட 'புழு' நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். இருந்த இடம் 512 எழுத்துக்கு, அனுப்பியது 536. அதிகப்படி வெறும் 24! (அப்பா, அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானி.) தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் 'டேம்வேர் மினி ரிமோட் கண்ட்ரோல்' என்ற மென்பொருளில், 2003 டிசம்பரில் இதே ஓட்டை வெளிவந்தது. பாஸ்வேர்டு சரிபார்ப்பதற்கு முன்பே வழிந்தது.

நமக்குப் பக்கத்தில் என்றால், 2017 மே 12 அன்று கிளம்பிய 'வான்னாக்ரை'. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் பகுதியில், அளவைத் தப்பாகக் கணக்குப் போட்டதால் வந்த வழிசல். 150 நாடுகளுக்கு மேல் மாட்டின. ஆந்திரா போலீஸ் தப்பவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும்கூட. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலரை பிட்காயினில் கேட்ட வைரஸ் அது. ஏழுமலையானிடமே வசூல்! இதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே இலவசமாகக் கொடுத்திருந்தது. மாட்டியவர்கள் இரண்டு மாதமாக அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கைகழுவி மூன்று வருஷமான எக்ஸ்பிக்குக்கூட, ஊரெல்லாம் பற்றியெரிந்த மறுநாள் தனி மருந்து வந்தது.