பின்னாடிதான் இருக்கு, மாமா

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் மேசைக்கு 'ப்யூரோ' என்று பெயர். மேசை கிடக்கும் அலுவலகத்துக்கும் அதே சொல்தான். 'ப்யூர்' என்பது முரட்டுக் கம்பளித் துணி. அந்தக் காலத்தில் எழுதும் மேசைமேல் அதை விரிப்பார்கள். துணியின் பெயர் மேசைக்கு வந்து, மேசையிலிருந்து அலுவலகத்துக்கும் போய்விட்டது. பிற்பாடு கம்ப்யூட்டரின் முகப்புத் திரைக்கும் அதே பெயரையே வைத்தார்கள். நானும் அதை மேசை என்றே நம்பினேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

புதுச்சேரி அரசில் கிளார்க்காக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒரு ஃபைல் வேண்டுமென்றால் எனக்கு அதன் எண் நினைவுக்கு வராது, இடம்தான் வரும். ஜன்னலோரத்து ரேக், இரண்டாவது தட்டு, சிவப்பு நாடா கட்டிய கட்டுக்குப் பின்னால் என்று கால் தானாக நடக்கும். மேசையில் ஒரு காகிதத்தின்மேல் இன்னொன்று விழுந்தால் அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். தூக்கிப் பார்த்தால் போதும்.

1999 வாக்கில் எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இறந்துபோன ஒரு பியூனின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அரை நாள் வேலை. எதையோ தொட்டுவிட்டேன், வேறொரு ஜன்னல் திறந்து திரை முழுவதையும் மூடிக்கொண்டது. என் கணக்கைக் காணோம். தூக்கிப் பார்க்க அந்தக் கண்ணாடியில் ஓரம் எங்கே இருக்கிறது? பயத்தில் சுவிட்சை அணைத்துவிட்டேன். சேமித்து வைக்காததால் கணக்கு நிஜமாகவே போய்விட்டது.

அன்றைக்கே மறுபடி உட்கார்ந்து போட்டிருக்கலாம். போடவில்லை. "மிஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டேன். காகிதம் ஒரு மாதம் தாமதமாகப் போனது. அந்த அம்மாள் இரண்டு தடவை வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பிறகு ரெக்கார்டு ரூமைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 2010இல் ஓய்வு பெறும்வரை கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான பாடாலூருக்கு வந்துவிட்டோம். 2012இல் மைத்துனர் மகளுக்கு, பிளஸ் டூ படிக்கும்போது, அரசு கொடுத்த இலவச லேப்டாப் கிடைத்தது. அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதில் முகப்புப் படத்தைக்கூட மாற்ற முடியாது. இன்னொன்று பாஸ் லினக்ஸ். நம் நாட்டு சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வருவது.

ஒருநாள் திண்ணையில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இதப் பாருங்க" என்று கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு மவுஸை இழுத்தாள். திரை அப்படியே பெயர்ந்து ஒரு பெட்டியாகச் சுழன்றது. நான்கு பக்கம். ஒன்றில் அவள் கட்டுரை, அடுத்ததில் ஒரு படம், இன்னொன்று காலி.

"கட்டுரை எங்கம்மா போச்சு?" என்றேன்.

"எங்கயும் போவல. பின்னாடிதான் இருக்கு, மாமா." பெட்டியை மறுபடி சுற்றிக் காட்டினாள்.

வெங்காயம் ஆய்ந்த கண், அதனால் நீர் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

அது எப்படி நடக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த காலத்து விண்டோஸில் ஒரு ஜன்னல் இன்னொன்றை மூடினால், மூடப்பட்ட பகுதியின் படம் பொதுவாக எங்கும் பத்திரமாக இருக்காது. மேலே இருப்பது விலகியதும், "உன் பகுதியைத் திரும்ப வரை" என்று அந்தப் புரோகிராமுக்கு உத்தரவு போகும். எழுத்து நினைவகத்தில் இருக்கும், அதன் படம்தான் இருக்காது. ஆக, என் பயம் முழு முட்டாள்தனமும் இல்லை. சுவிட்சை அணைத்ததுதான் முட்டாள்தனம்.

பெட்டியைச் சுழற்றிய மென்பொருளின் பெயர் காம்பிஸ். நாவெல் நிறுவனத்திலிருந்த டேவிட் ரெவ்மன் 2006இல் வெளியிட்டது. இதில் ஒவ்வொரு ஜன்னலும் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் தனித்தனி முழுப் படமாக நினைவகத்தில் இருக்கும். அட்டைப் பெட்டியின் பக்கங்களில் காலண்டர் படம் ஒட்டுவதுபோல, விளையாட்டுகளுக்கென்று வளர்ந்த கிராஃபிக்ஸ் சிப் அந்தப் படங்களை ஒட்டிவிடும். பெட்டி திரும்பும்போது கிட்டே வருவது பெரிதாகவும் தள்ளிப்போவது சிறிதாகவும் தெரிய வேண்டுமல்லவா? அந்தக் கணக்கை நொடிக்குப் பல தடவை அதுவே போட்டுக்கொள்ளும்.

இதற்கு முன்னாலேயே சன் நிறுவனம் 'லுக்கிங் கிளாஸ்' என்று ஒன்று செய்து பார்த்தது. அதில் ஜன்னலைப் புரட்டி அதன் முதுகில் குறிப்பு எழுதலாம். ஃபைல் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிப் பழகிய எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆனால் அது புழக்கத்துக்கு வரவில்லை. ஜன்னல்களைச் சாய்த்து அடுக்கிக் காட்டும் வசதி விண்டோஸ் விஸ்டாவில் வந்தது, 2012இல் விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது. வேலை செய்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் பெட்டி சுழல்வதைப் பார்க்கப் பொறுமை இருக்காது. நியாயம்தான். வித்தை போனாலும் ஒவ்வொரு ஜன்னலையும் முழுப் படமாக வைத்திருக்கும் ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

வெறும் அலங்காரத்துக்கு ஆழம் காட்டினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். இடம் தெரியாமல் தவிப்பவனுக்கு "இதோ, இங்கே இருக்கிறது" என்று காட்டினால் அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் அறுபது வயதுக்கு மேல் நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரையையும் நானேதான் தட்டச்சு செய்கிறேன். இப்போது என்னிடம் பெட்டி இல்லை, தட்டையான திரைதான். ஏதாவது காணாமல் போனால் பின்னால் இருக்கும் என்று தைரியமாகத் தேடுகிறேன்.

அன்று மிஷின்மேல் பழி போட்டதை அந்த அம்மாளிடம் நான் சொல்லவே இல்லை. அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ. மிஷின் நன்றாகத்தான் இருந்தது, அம்மா.