எல்லாம் மஞ்சள்!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் பெரியவர்கள். கணினியிலுள்ள கோப்புறைகளுக்கும் இது பொருந்தும் என்பதை இந்த ஆண்டுதான் நாங்கள் கற்றுக்கொண்டோம், அதுவும் கண்ணீருடன்!

பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் குழு, நம் வட்டாரத் தோல் தொழிலைப் பற்றிச் செய்தி திரட்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று ஊர் ஊராக விவரங்கள் சேர்ந்தன. ஆவாரம்பட்டையில் பதனிடும் பழைய முறை, குரோம் உப்பில் பதனிடும் முறை, தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்த காலத்தைப் பற்றி ஒரு பாட்டி பேசிய ஒலிப்பதிவு என எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை, அத்தனையும் மஞ்சள். பெயரும் 'புதிய கோப்புறை', 'புதிய கோப்புறை 2', 'புதிய கோப்புறை 3'! காலை வழிபாட்டில் ஒரே சீருடையில் நிற்கும் எங்களைப் போலவே அவை வரிசையாக நின்றன.

ஒரு நாள், தேவையற்றதை அழிக்கச் சென்ற தோழி ஒருத்தி பாட்டியின் பதிவை அழித்துவிட்டாள். பென் டிரைவிலிருந்து அழித்ததால் அது கணினியின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. நாங்கள் அனைவரும் அவளைக் கடிந்துகொண்டோம். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனோம். காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் தாயார் தேநீர் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "வெட்டின தோல் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதாம்மா இருக்கும். அளவு மாறிடக் கூடாதுன்னு ஓரத்துல சின்னதா வெட்டி அடையாளம் வைப்போம். நீங்க அடையாளமே வைக்கலையே!" எங்கள் தலை தானே குனிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

செய்தியறிந்த கணினி ஆசிரியை எங்களுக்கு வழி காட்டினார். முதலில் சரியான பெயர் இட வேண்டும். பிறகு கோப்புறையின் மேல் வலப் பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'கஸ்டமைஸ்', அதில் 'சேஞ்ச் ஐகான்' என்று போனால் வேண்டிய சின்னத்தை வைக்கலாம். சொந்தப் படமானால் 'ஐகோ' வகைக்கு மாற்ற வேண்டும். 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்ற பெண்மணியைப் பற்றியும் சொன்னார். வரிசைக்கு 32 கட்டமாக, கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அவர் வரைந்தாராம். எங்கள் புள்ளிக்கோலம்தான் நினைவுக்கு வந்தது!

உற்சாகம் கரை மீறியது. எல்லாக் கோப்புறைக்கும் ரோஜா, பொம்மை, பட்டாம்பூச்சி! முடிவில் எது எதுவென்று எங்களுக்கே தெரியவில்லை. பழைய குழப்பமே புது உடையில் வந்து நின்றது. மீண்டும் தொடங்கினோம். குரோமில் பதனிட்ட ஈரத்தோல் வெளிர் நீலம் என்பதால் அதற்கு நீலம். பட்டையில் பதனிட்டதற்குப் பழுப்பு. பாலாற்றுக்கு ஒரே ஒரு அலைக்கோடு.

கண்காட்சிக்கு முன்தினம் வேறொரு கணினியில் பென் டிரைவைச் செருகினோம். சின்னங்கள் எல்லாம் மறைந்து மீண்டும் மஞ்சள்! கோப்புறைக்குள் 'டெஸ்க்டாப்.ஐஎன்ஐ' என்ற மறைந்த குறிப்பு ஒன்று உண்டு. படம் எங்கே இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். எங்கள் படங்களோ பழைய கணினியிலேயே தங்கிவிட்டன. படத்தை அந்தந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்து, குறிப்பில் அதன் பெயரை மட்டும் எழுதியதும் சரியாயிற்று. இரவல் அழகு வெளியூருக்கு வராது என்று சிரித்துக்கொண்டோம்.

பாட்டியிடம் மறுபடியும் போனோம். அன்று அவருக்கு இருமல். பாதிக் கதைதான் சொன்னார். அந்தப் பாதியை அலைக்கோடு போட்ட கோப்புறையில் வைத்து, வேறோரிடத்திலும் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறோம். அந்த அலைக்கோட்டை வரைந்தவள், நாங்கள் கடிந்துகொண்ட அதே தோழிதான்.